கழற்றிவைத்த மின்கலம்

விளையாட்டுப் பொருளுக்கு ஆயுள் குறைவு. அது உடைந்து முடிவதற்கு முன்பே அதனை வைத்து விளையாடிய பிள்ளை வளர்ந்துவிடுகின்றது. பின்னர் கட்டிலின் கீழும் பரணிலுமாகச் சில காலம் கிடந்து, ஒருநாள் குப்பையோடு குப்பையாய்ப் போய்விடுகின்றது. இப்பொது விதிக்கு விலக்கானவை சில உள. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய சிறு பந்தயக் கார்கள், வானொலி அலையினால் தொலைவில் நின்று இயக்கப்படுபவை, இன்று நடுத்தர வயதினர் பலரின் மேசைகளிலே மீண்டும் உறுப்புறுப்பாகக் கழற்றப்பட்டுக் கழுவிப் பூட்டப்படுகின்றன. யப்பானிலும் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. வளர்ந்த மனிதர் விளையாட்டு வண்டிக்காக இரவு விழித்திருப்பதைக் கண்டு நகைப்பது எளிது. ஆயினும் அவர் திருத்துவது வண்டியை மட்டுந்தானா என்று கேட்டுப் பார்ப்போமாயின், நகைப்பு சற்றுத் தயங்கும்.

2022 ஆம் ஆண்டிலே இலண்டன் புறநகரொன்றில் வாழும் நாற்பத்தெட்டு வயதுத் தமிழர் ஒருவர் தம் தாயாரின் வீட்டைக் காலிசெய்யச் சென்றார். யாழ்ப்பாணத்திலிருந்து எழுபதுகளில் அங்கு சென்று குடியேறிய குடும்பம் அது. தந்தையார் 2019 இல் காலமாகிவிட்டார். தாயார் சிறியதொரு வீட்டுக்கு மாறவிருந்தார். கூரையின் கீழுள்ள பரணில் ஏறிய மகனுக்குப் பழைய பெட்டிகளின் நடுவே ஒரு காகித அட்டைப் பெட்டி அகப்பட்டது. அதனுள்ளே இருந்தது தமியா நிறுவனத்தின் ‘ஹோர்னெற்’ என்னும் வண்டி. அவர் பதினொரு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1985 நத்தாருக்குத் தந்தையார் வாங்கிக் கொடுத்தது. கூடவே செய்தித்தாளில் இறுகச் சுற்றப்பட்ட சிறு பொதி ஒன்றும் கிடந்தது. அதை அவர் ஒருபுறம் வைத்துவிட்டு வண்டியைக் கையில் எடுத்தார். முன் இடச்சில்லைத் தாங்கும் பிளாஸ்ரிக் கையிலே துருப்பிடித்த கம்பிக்கட்டு ஒன்று இருந்தது. அதனைக் கண்டதும் அவர் சிறிது நேரம் ஏணிப்படியிலேயே அமர்ந்துவிட்டார்.

இவ்வண்டிகளின் வரலாற்றை அறியாதவர்க்கு அக்கம்பிக்கட்டின் பொருளும் விளங்காது. கம்பித் தொடர்பின்றி ஒரு பொருளை இயக்கலாம் என்பதை நிக்கோலா தெஸ்லா 1898 இலேயே நியூயோர்க்கில் ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். ஆனால் அவ்வித்தை சிறுவர் கைக்கு வர எழுபது எண்பது ஆண்டுகள் சென்றன. யப்பானின் சிசுவோக்கா நகரில் 1946 இல் மர வணிகமாகத் தொடங்கிய தமியா, 1951 இல் தீவிபத்தைச் சந்தித்து, பின்னர் மரத்தாலான மாதிரிப் பொருள்களையும் தொடர்ந்து பிளாஸ்ரிக் மாதிரிகளையும் செய்து தலைநிமிர்ந்த நிறுவனம். அதன் தலைவராய் விளங்கிய சுன்சாக்கு தமியா, போர்ஷ் காரின் மாதிரியைப் பிழையறச் செய்வதற்காக உண்மையான போர்ஷ் 911 ஒன்றையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தார் என்பது இத்துறையில் யாவரும் அறிந்த செய்தி. அவ்வுழைப்பிலிருந்தே 1976 இல் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவான போர்ஷ் 934 வானொலிக் கார் பிறந்தது. 1979 இல் ‘சாண்ட் ஸ்கோர்ச்சர்’ போன்ற மணல்வெளி வண்டிகள் வந்தன. அதன் பின் வீதியை விட்டுப் புல்லிலும் புழுதியிலும் பாயும் வண்டிகளின் காலம் தொடங்கிற்று.

1982 இல் கியோஷோவின் ‘ஸ்கோர்பியன்’ வந்தது. 1984 இல் ‘ஹோர்னெற்’ வந்தது. அதே ஆண்டில் கலிபோர்ணியாவின் அசோசியேற்றெட் நிறுவனம் பொன்னிற அலுமினிய அடித்தட்டோடு ‘ஆர்சி 10’ என்ற வண்டியை வெளியிட்டது. முன்னது சிறுவனின் வண்டி, பின்னது பந்தயக்காரனின் வண்டி. 1985 இல் கலிபோர்ணியாவின் டெல் மார் என்னும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு அளவான மண்தரை வண்டிகளுக்கு முதலாவது உலகப் போட்டி நடந்தபோது, இருசில்லு உந்து பிரிவில் வென்றது ஆர்சி 10. அடுத்த போட்டி 1987 இல் இங்கிலாந்தின் ரொம்சியில் நடந்தது. நாற்சில்லு உந்து பிரிவில் யப்பானைச் சேர்ந்த பதினேழு வயது மசாமி ஹிரோசாக்கா வாகை சூடினார். அவர் ஓட்டிய வண்டியோ இங்கிலாந்திலே செய்யப்பட்ட ஷூமாக்கர் ‘கற்’. யப்பானிய இளைஞன் ஆங்கிலேய வண்டியில் ஆங்கிலேய மண்ணில் வென்றதைக் கண்ட கூட்டத்தில், தந்தையின் கையைப் பிடித்தபடி அச்சிறுவனும் நின்றான்.

இவ்வண்டிகள் முடிந்த பொருளாகக் கடையில் விற்கப்பட்டவையல்ல. திருகாணிகளும் பற்சில்லுகளும் சிறுசிறு பைகளிலே கிடக்கும். படங்கள் நிறைந்த கைந்நூலைப் பார்த்துச் சிறுவனே பூட்டவேண்டும். வண்டியின் மேற்கூடு பொலிகாபனேற்று என்னும் கண்ணாடி போன்ற மெல்லிய தகடு. அதற்கு உட்புறமாகவே வர்ணம் தீட்டவேண்டும். அப்போதுதான் வெளிப்புறம் கீறுபட்டாலும் நிறம் போகாது. முதலில் தீட்டும் நிறமே வெளியே முன்னிற்கும் ஆதலால், வழக்கமான ஓவியத்தின் ஒழுங்கை இங்கே தலைகீழாக எண்ணிப் பழகவேண்டும். பூட்டியவன் கையாலேயே கழற்றவும் இயலும் என்பதே இவ்வண்டிகளின் தனிச்சிறப்பு. நாற்பது ஆண்டுகளின் பின் ஒருவர் இவற்றைப் புதுப்பிக்க முடிகின்றதென்றால், அக்காலத்துக் கைந்நூல்கள் சிறுவனைப் பொறிவினைஞனாகக் கருதி எழுதப்பட்டமையே அதற்குக் காரணம்.

தந்தையும் மகனும் சமையலறை மேசையிலிருந்து இரண்டு வார மாலைகளில் அதனைப் பூட்டி முடித்தனர். தந்தையார் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஆங்கிலக் கைந்நூலை அவர் எழுத்தெழுத்தாக வாசிப்பார், மகன் பூட்டுவான். 7.2 வோல்ற்று நிக்கல்-கட்மிய மின்கலவடுக்கு இரவு முழுவதும் மின்னேறினால் பத்து நிமிடமளவு ஓட்டம் கிடைக்கும். அக்காலத்து வானொலிக் கருவிகள் 27 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் இயங்கின. அவ்வரிசையில் கபிலம், சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என ஆறு நிறங்களாற் குறிக்கப்பட்ட பளிங்குகள் இருந்தன. ஒரே நிறப் பளிங்குடைய இருவர் ஒரு திடலில் ஓட்டினால் ஒருவன் கட்டளைக்கு மற்றவன் வண்டி பாயும். எனவே பூங்காவுக்கு வரும் சிறுவர் முதலில் கேட்பது பெயரையன்று, பளிங்கின் நிறத்தையே. மொழி நன்கு வாராத புலம்பெயர்ந்த பிள்ளை ஒருவனுக்குப் பிற பிள்ளைகளோடு பேச்சைத் தொடங்க அந்த ஒரு கேள்வி போதுமானதாயிருந்தது.

1986 கோடையில் வண்டி நடைபாதை விளிம்பில் மோதி முன் கை முறிந்தது. கடையில் மாற்றுறுப்பு உண்டு, விலையும் பெரிதன்று. ஆனால் அவ்வாண்டுகளில் அவ்வீட்டின் ஒவ்வொரு பவுணுக்கும் ஊரிலே ஒரு தேவை காத்திருந்தது. கடிதம் வராத வாரங்களில் தாயார் உணவையே மறந்திருந்த காலம் அது. உடைந்த உறுப்பை வீசப் போன மகனைத் தந்தையார் தடுத்தார். “எறியாதை தம்பி, கட்டிப் பாப்பம்” என்றார். சைக்கிள் சில்லின் கம்பியொன்றை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, முறிவின் இருமருங்கும் நான்கு துளையிட்டு, மெல்லிய கட்டுக்கம்பியால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, குறட்டினால் முறுக்கி இறுக்கினார். வண்டி ஓடிற்று. ஆனால் பூங்காவிலே பிற சிறுவர் அக்கம்பிக்கட்டைச் சுட்டிச் சிரித்தனர். பன்னிரண்டு வயதுக்குரிய வெட்கம் கடுமையானது. அதன்பின் அவன் வண்டியை வீட்டிலிருந்து எடுத்துச் செல்வது குறைந்தது. ரொம்சியில் உலகப் போட்டியைக் கண்டு திரும்பிய பின்னர் அது மேலும் குறைந்தது. 1990 அளவில், கடைசி ஓட்டம் முடிந்த கையோடு, மின்கலத்தையும் கழற்றாமல் அலுமாரியின் அடியில் தள்ளிவிட்டு அவன் தேர்வுகளுக்குப் படிக்கப் போனான். பரணுக்கு அது எப்போது ஏறிற்று என்பதை அவன் அறியான்.

இவையெல்லாம் பரண் ஏணியில் அமர்ந்திருந்தவருக்கு நினைவில் வந்தவை. அடுத்த மாதமே அவர் வண்டியைத் தம் மேசையில் வைத்துக் கழற்றத் தொடங்கினார்.

பழைய வண்டியைப் புதுப்பிப்பது பொறுமையின் வேலை. முதலில் ஒவ்வொரு திருகாணியும் எந்த இடத்தினின்று வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நைலோனாலான உறுப்புகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தம் ஈரத்தை இழந்து நொறுங்கும் இயல்புடையன. அவற்றைக் கொதிநீரில் இட்டெடுத்தால் நீரை உறிஞ்சி மீண்டும் வளையுந்தன்மை பெறுகின்றன. பொலிகாபனேற்றுக் கூட்டின் பழைய வர்ணத்தை நீக்க வலிய கரைப்பான்களை இட்டால் கூடு வெடித்துவிடும். ஆதலால் காரின் தடுப்பு எண்ணெயைப் பூசி ஊறவிட்டு, மெல்லத் துடைத்தெடுப்பர். மோட்டாரின் திசைமாற்றியிலே படிந்த கரியை நீக்கி, தேய்ந்த காபன் தூரிகைகளை மாற்றவேண்டும். தூரிகைகள் கக்கும் பொறி வானொலி வாங்கியைக் குழப்பாதிருக்க மோட்டாரோடு பற்றாசிட்ட சிறு கொள்ளளவிகளைச் சோதிக்கவேண்டும். வெடித்த றப்பர்ச் சில்லுறைக்கு மட்டும் மருந்தில்லை.

அக்காலத்து வேகக்கட்டுப்பாடு இன்றைய மின்னணு முறை போன்றதன்று. சிறு சேர்வோ மோட்டார் ஒன்று செப்புத் தொடுகையை ஒரு தட்டின்மேல் நகர்த்தும். மெதுவாக ஓட்டும்போது மிகுதி மின்வலு ஒரு தடையியில் வெப்பமாகிக் கழியும். விரயமான முறைதான், ஆனால் கண்ணாற் காணக்கூடிய முறை. எங்கே பிழை என்று விரல் வைத்துக் காட்டலாம். இன்றைய இலிதியம் மின்கலத்தை அதனோடு இணைப்பவர் விழிப்பாயிருக்க வேண்டும். மின்னழுத்தம் அளவுக்கு மீறி இறங்கும்போது நிறுத்தும் அறிவு அப்பழைய தட்டுக்கு இல்லை. அவ்வாறு முற்றாய் வடிந்த இலிதியம் மின்கலம் கெட்டுப்போவதோடு தீப்பற்றவும் கூடும். ஆகையால் பலர் நிக்கல்-உலோக ஐதரைட்டு மின்கலத்தையே நாடுகின்றனர்.

இங்கே புதுப்பிப்போரிடையே நெடுங்காலமாய் ஒரு வழக்கு உண்டு. ஒரு சாரார் வண்டி கடையிலிருந்து வந்த நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே ஆக்கவேண்டும் என்பர். அவர்களுக்குப் பழைய கைந்நூலும் பெட்டியின் படமுமே ஆதாரம். முதல் வெளியீட்டு உறுப்பு எது, பின்னாளில் திருத்தப்பட்ட உறுப்பு எது என ஆராய்ந்து பொருத்துவர். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோரின் உழைப்பை அது ஓரளவு நினைவூட்டும். சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887 இல் பதிப்பித்தபோது, செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தேடினார். இவர்களும் பல வண்டிகளை ஒப்புநோக்கி ஒரு மூலவண்டியைத் தேடுகின்றனர். மற்றைச் சாராரோ கீறலும் ஒட்டும் அந்த வண்டியின் வரலாறு என்பர். ஓர் ஏட்டின் ஓரத்திலே அதனைப் படித்தவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு, நூலாசிரியன் எழுதியதன்று. அதனால் அதைச் சுரண்டி எறியலாமா என்பது அவர்களின் கேள்வி.

நிறுவனங்களே பழைய வண்டிகளை மீளவும் செய்யத் தொடங்கியமை இவ்வழக்கைக் கூர்மையாக்கிற்று. ‘ஹோர்னெற்’ 2004 இல் மீண்டும் வந்தது. ‘சாண்ட் ஸ்கோர்ச்சர்’ 2010 இலும், ஆர்சி 10 2013 இலும், ‘ஸ்கோர்பியன்’ 2014 இலும் மறுபிறவி எடுத்தன. கிடைத்தற்கரியதெனப் பெருவிலை கொடுத்துச் சேர்த்தவர் சிலர் மனம் வருந்தினர். ஆனால் உடைந்த வண்டியோடு இருந்தோர்க்கு அது வரமாயிற்று. புதிய உறுப்புகள் பழைய வண்டிக்கும் பொருந்தின. முன்னொரு காலத்தில் ஒரு குடும்பம் எண்ணிப் பார்த்து வாங்காது விட்ட அந்த முன் கை, இன்று சில நாள்களில் தபாலில் வந்து சேரும்.

அது வந்தும் சேர்ந்தது. புதிய கை மேசை இழுப்பறையில் இருக்க, கம்பி கட்டிய பழைய கையைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. பழைய வண்டிகளில் தேர்ந்த நண்பரொருவர், அது வண்டியின் உறுப்பன்று, குறைபாடு என்றார். மனைவி, அதை வைத்தே ஓட்டலாமே என்றார். அவரோ இரண்டையும் செய்யாமல் சில கிழமைகள் மின்சுற்றைப் பார்ப்பதாகக் கூறிக் காலங்கடத்தினார்.

மின்சுற்றைப் பார்க்கும்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. நிக்கல்-கட்மிய மின்கலத்தினுள் இருப்பது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்னும் காரம். நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தால் அது கசியும். வெண்பொடியாகப் பூப்பது மட்டுமன்று, கம்பியின் உறைக்குள்ளே ஊர்ந்து சென்று செம்பைக் கறுக்கச் செய்து, தொடுகைகளையும் அரித்துவிடும். மின்கலத்தோடு பரணில் விடப்பட்ட வண்டிகள் பெரும்பாலும் இவ்வாறே அழிகின்றன. வினாகிரி போன்ற மென்னமிலத்தால் காரத்தை நடுநிலையாக்கலாம், அரித்ததை மீட்கமுடியாது. இவ்வண்டியிலும் அவ்வழிவையே அவர் எதிர்பார்த்திருந்தார். மின்கலத்தை உள்ளேயே விட்டவர் அவரல்லவா? ஆனால் கம்பிகளை வெட்டிப் பார்த்தபோது செம்பு புதிதுபோல் மின்னியது. தொடுகைகள் தூய்மையாயிருந்தன. மின்கல அறை வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் ஒருபுறம் வைத்த பொதி நினைவுக்கு வந்தது. செய்தித்தாளைப் பிரித்தார். உள்ளே மின்கலவடுக்கு. காரம் கசிந்து வெண்பொடி பூத்துத் தாளின் உட்சுற்றுகளைத் தின்றிருந்தது. வெளிச்சுற்று மட்டும் எஞ்சியிருந்தது. அது தமிழ் வார இதழொன்றின் தாள், ஆண்டு 1992. அவ்வாண்டில் மகன் வீட்டிலேயே இல்லை. வேறு நகரிலே பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தான். நெடுநாள் பயன்படுத்தாதபோது மின்கலத்தைக் கழற்றிவைக்க வேண்டும் என்னும் வரி கைந்நூலில் இருந்தது. அதனைச் சமையலறை மேசையில் எழுத்தெழுத்தாக வாசித்தவர் தந்தையார். மகன் மறந்ததை அவர் மறக்கவில்லை. யாருக்காக அவ்வண்டியைக் காத்தார், மகன் என்றோ திரும்பி வந்து கேட்பான் என்று எண்ணினாரா என்பதை இனிக் கேட்டறிய வழியில்லை. கேட்பதற்கு 2019 வரையில் இருபத்தேழு ஆண்டுகள் இருந்தன என்பதே அன்றிரவு அவரை உறங்கவிடவில்லை.

மறுநாள் அவர் பழைய கையோடே வண்டியைப் பூட்டினார். வீட்டின் பின்புறத்து வாகனத் தரிப்பிடத்தில் பதின்மூன்று வயது மகள் அதனை ஓட்டினாள். மூன்றாம் ஓட்டத்தில் துருவேறிய கம்பி அறுந்து கை இரண்டாய்ப் பிரிந்தது. மகள் பதறினாள். அவர் பதறவில்லை. மீண்டும் கட்டிவிடலாம் என்றே எண்ணினார். புதிய கட்டுக்கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு தந்தையாரின் நான்கு துளைகளினூடே கோத்து முறுக்கினார். சற்றுத் தளர்த்தினால் கை ஆடிற்று. சற்று இறுக்கினால் கம்பி அறுந்தது. ஒரு மாலை முழுவதும் முயன்றும் அக்கட்டு அவருக்குக் கைவரவில்லை. பூங்காவிலே சிறுவர் சிரித்த நாளிலிருந்து அதனை வறுமையின் அடையாளமென்றே அவர் கருதிவந்திருந்தார். அது ஒரு தேர்ந்த கையின் வேலை என்பது, தம் கை தோற்றபோதே அவருக்குத் தெரிந்தது.

இறுதியில் இழுப்பறையிலிருந்த புதிய கைகளே பூட்டப்பட்டன. நண்பர் சொன்ன காரணத்துக்காக அன்று, வண்டி ஓடுவதற்காகவே. அத்தனை ஆண்டுகள் ஒருவர் அதனைக் காத்தது ஓடும் நிலையிலன்றோ? முறிந்த கையும் 1992 ஆம் ஆண்டுத் தாளும் பழைய அட்டைப் பெட்டியிலேயே வைக்கப்பட்டுள்ளன. கெட்ட மின்கலவடுக்கு மட்டும், கட்மியம் நஞ்சாதலின், அதற்குரிய சேகரிப்பிடத்தில் ஒப்படைக்கப்பட்டது.

பழம்பொருளைப் புதுப்பிப்பவர் இழந்த காலத்தை மீட்கின்றார் என்று கூறுவது வழக்கம். காலம் மீளுவதில்லை, மீட்பவர் எவரும் அதை நம்புவதுமில்லை. ஒரு பொருளை ஆணி ஆணியாகக் கழற்றும்போது, அதனைத் தொட்ட கைகள் எவை என்பது தெரியவருகின்றது. தம்முடையதென்று எண்ணியிருந்த பொருளைத் தமக்குத் தெரியாமலே இன்னொருவர் பேணிவந்தமையும் சிலவேளை தெரியவருகின்றது. அத்தெளிவு ஒரு விளையாட்டு வண்டியினால் வந்ததென்பதற்காக அதன் மதிப்புக் குறைவதில்லை.

இப்போது ஞாயிறு மாலைகளில் அந்த ‘ஹோர்னெற்’ தரிப்பிடத்தில் ஓடுகின்றது. மின்கலம் தளர்ந்து வேகம் குறைந்ததும் மகள் அதனைத் தூக்கிவந்து, சில்லுகளின் புழுதியைத் துடைத்து, பெட்டியில் வைக்குமுன் மின்கலத்தைக் கழற்றித் தனியே வைக்கின்றாள். ஒருமுறை சொன்னதுதான், பின்னர் எவரும் அவளுக்கு அதனை நினைவூட்ட நேரவில்லை.